உள்ளேற்று இழுவண்டி

உள்ளேற்று இழுவண்டி (இன்லோடர்) என்பது பெரிய கண்ணாடித் தகடுகளை நிற்கவைத்த நிலையில் சாலை வழியாகக் கொண்டு செல்வதற்கென அமைக்கப்பட்ட தனிவகை இழுவண்டி (டிரெய்லர்) ஆகும். பொதுவான சரக்கு இழுவண்டிகளில் சுமையானது சக்கரங்களுக்கு மேலே அமைந்த தளத்தின்மீது வைக்கப்படும். இவ்வகை வண்டியில் அத்தகைய தளம் இல்லை. ஒரு பக்கச் சக்கரத்தை மறுபக்கச் சக்கரத்துடன் இணைக்கும் குறுக்கு அச்சும் (ஆக்சில்) இல்லை. வண்டியின் நடுப்பகுதி தரைவரை திறந்த வெளியாக விடப்பட்டுள்ளது. கண்ணாடி அடுக்கப்பட்ட சட்டத்தை நோக்கி வண்டி பின்னோக்கி வந்து, அதனைத் தன்னுள் வாங்கி, தரையிலிருந்து சிறிதளவு உயர்த்தி எடுத்துச் செல்கின்றது. செருமன் மொழியில் இது "இன்னன்லாடர்" எனப்படுகின்றது. "உள்ளே ஏற்றுவது" என்பது அதன் பொருள்.

மிதவைக் கண்ணாடி ஆலைகளிலிருந்து கண்ணாடி வெட்டும் பட்டறைகளுக்கும், இரட்டைக் கண்ணாடிச் சன்னல் செய்யும் தொழிற்சாலைகளுக்கும் முழு அளவுத் தகடுகளைக் கொண்டு செல்ல ஐரோப்பாவில் இவ்வண்டிகள் பரவலாகப் பயன்படுகின்றன. செருமனியின் வால்ட்ரோப் நகரைச் சேர்ந்த லாங்கென்டோர்ஃப் நிறுவனத்தின் "ஃப்ளோட்லைனர்", ஃபேமன்வில் நிறுவனத்தின் "ஃப்ளோட்மேக்ஸ்" ஆகியன இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இதே முறையில் இயங்கும் வண்டிகள், முன்வார்க்கப்பட்ட கற்காரைச் (கான்கிரீட்) சுவர்களை எடுத்துச் செல்லவும் பயன்படுகின்றன.

3.21 மீட்டர்

இவ்வண்டியின் வடிவத்தைப் புரிந்துகொள்ள வண்டியைவிடக் கண்ணாடியின் அளவிலிருந்து தொடங்குவதே எளிது. இங்கிலாந்தின் செயின்ட் எலன்சு நகரில் இயங்கிய பில்கிங்டன் நிறுவனத்தில் அலசுடர் பில்கிங்டன் என்பவர் 1952 ஆம் ஆண்டிலிருந்து உருவாக்கி வந்த மிதவைக் கண்ணாடிச் செய்முறை 1959 இல் அறிவிக்கப்பட்டது. உருகிய வெள்ளீயத்தின்மீது உருகிய கண்ணாடி மிதந்து பரவி, முடிவில்லாத நாடாவைப் போல ஓடி வருவதே இச்செய்முறையின் அடிப்படையாகும். அந்த நாடாவின் ஓரங்களைக் கழித்தபின் கிடைக்கும் பயன்படு அகலம், ஐரோப்பிய ஆலைகளில் 3.21 மீட்டர் என நிலைபெற்றது. நாடா 6 மீட்டருக்கு ஒருமுறை வெட்டப்படும்போது 6000 × 3210 மில்லிமீட்டர் அளவுள்ள முழுத்தகடு கிடைக்கின்றது. தொழில்துறையினர் இதனை "சம்போ" அளவு என்பர்.

கண்ணாடியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 2500 கிலோகிராம் ஆகும். அதாவது, ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு மில்லிமீட்டர் தடிமனும் உள்ள கண்ணாடி 2.5 கிலோகிராம் எடையுள்ளது. எனவே 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு முழுத்தகட்டின் எடை ஏறத்தாழ 193 கிலோகிராம். 6 மில்லிமீட்டர் தகடாயின் 289 கிலோகிராம்.

இத்தகட்டைச் சாலையில் எவ்வாறு கொண்டு செல்வது என்பதே சிக்கல். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1996 ஆம் ஆண்டு நெறிமுறையின்படி பன்னாட்டுப் போக்குவரத்தில் ஈடுபடும் சரக்குந்துகளின் அகலம் 2.55 மீட்டரையும், உயரம் 4 மீட்டரையும், இழுவையுந்தும் இழுவண்டியும் சேர்ந்த நீளம் 16.5 மீட்டரையும் மிகலாகாது. 3.21 மீட்டர் அகலமுள்ள தகட்டைப் படுக்கவைத்தால் அது வண்டியின் இருபுறமும் துருத்தி நிற்கும். ஆகவே அதனை நிற்கவைத்தே ஆகவேண்டும். ஆனால் பொதுவான இழுவண்டியின் தளமோ தரையிலிருந்து 1 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ளது. அதன்மீது 3.21 மீட்டர் தகட்டை நிறுத்தினால், அடிச்சட்டத்தின் உயரத்தைச் சேர்க்கும் முன்பே, மொத்த உயரம் 4.2 மீட்டரைத் தாண்டிவிடும். பாலங்களுக்கு அடியில் அத்தகைய வண்டி செல்ல இயலாது.

தகட்டைச் சற்றுச் சாய்த்து நிறுத்தினாலும் உயரத்தில் பெரிய குறைவு ஏற்படுவதில்லை. 5 பாகை சாய்வில் 3.21 மீட்டர் தகட்டின் உச்சி 3.20 மீட்டரில் இருக்கும். 4 மீட்டரில் எஞ்சுவது 80 சென்டிமீட்டர் மட்டுமே. தரைக்கும் வண்டிக்கும் இடையேயான இடைவெளி, சட்டத்தின் அடிப்பாகம், கண்ணாடிக்கு மேலுள்ள கூரை ஆகிய அனைத்தும் அந்த 80 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். குறுக்கே ஓர் அச்சு சென்றால் இது முடியாது. அச்சையே நீக்கிவிடுவதுதான் உள்ளேற்று இழுவண்டி கண்ட தீர்வு.

பிரித்தானியாவில் சரக்குந்தின் உயரத்திற்குப் பொதுவான சட்ட வரம்பு இல்லை, எனினும் 16 அடி 6 அங்குலத்திற்குக் (5.03 மீட்டர்) குறைவான இடைவெளியுள்ள பாலங்கள் அறிவிப்புப் பலகை இடப்பட்டுக் குறிக்கப்படுகின்றன. அமெரிக்காவில் முழுத்தகட்டின் அளவு வேறு. அங்கு 130 × 204 அங்குலம் (ஏறத்தாழ 3.30 × 5.18 மீட்டர்) வழக்கில் உள்ளது.

மிதவைக் கண்ணாடிக்கு முன்

கண்ணாடியின் அளவு எக்காலத்திலும் உலையை மட்டும் பொறுத்திருந்ததில்லை, வழியையும் பொறுத்திருந்தது. பிரான்சில் 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயின்ட்-கோபேன் என்னும் சிற்றூரில் வார்க்கப்பட்ட கண்ணாடிகள், மெருகிடப்படுவதற்காகப் பாரிசு நகருக்கு அனுப்பப்பட்டன. ஊரின் பெயரே பின்னர் நிறுவனத்தின் பெயராயிற்று. அக்காலச் சாலைகளின் குலுக்கலைவிட ஆற்றின் அமைதியான நீரோட்டமே கண்ணாடிக்கு ஏற்றதாக இருந்தது.

இலண்டன் ஐடு பூங்காவில் 1851 இல் எழுப்பப்பட்ட பளிங்கு அரண்மனைக்கு (கிரிசுடல் பேலசு) சிமெதிக் நகரின் சான்சு சகோதரர்கள் நிறுவனம் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடிகளை வழங்கியது. ஒவ்வொன்றின் அளவும் 49 × 10 அங்குலம் மட்டுமே. ஒரு தொழிலாளி கைகளால் தூக்கி, கூரைமீது வைத்துப் பொருத்தக்கூடிய அளவு இது. மரப்பெட்டியில் வைக்கோலை இட்டு அடுக்கினால் எந்த வண்டியிலும் அனுப்பலாம். இன்றைய ஒரு முழுத்தகட்டின் பரப்பில் அத்தகைய கண்ணாடிகள் 60 அடங்கும்.

பெரிய வார்ப்புக் கண்ணாடிகள் பெருகியபோது, அவற்றை நிற்கவைத்துக் கொண்டு செல்வதற்காக நடுவில் பள்ளம் போலத் தாழ்ந்த தளமுடைய தொடருந்துப் பெட்டிகள் பிரித்தானியாவில் பயன்பட்டன. சக்கரங்களுக்கு மேலே வைக்க முடியாததைச் சக்கரங்களுக்கு இடையே தொங்கவிடும் எண்ணம் இவற்றிலேயே காணப்படுகின்றது.

இவ்வெண்ணத்தின் மிகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு தகட்டுக் கண்ணாடி அன்று. தொலைநோக்கி ஆடி ஆகும். கலிபோர்னியாவின் பாலமார் வானாய்வகத்திற்கென நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் நகரில் 1934 திசம்பரில் வார்க்கப்பட்ட 200 அங்குல (5.1 மீட்டர்) விட்டமுள்ள வட்டக் கண்ணாடி, 1936 மார்ச்சு 26 அன்று தொடருந்தில் புறப்பட்டது. 20 டன் எடையுள்ள அதனைப் படுக்கவைத்தால் எந்த இருப்புப்பாதையிலும் செல்லாது என்பதால், தனியாகச் செய்யப்பட்ட பள்ளப் பெட்டியில் நிற்கவைத்தனர். வட்டின் கீழ்விளிம்பு தண்டவாளத்திலிருந்து சில அங்குல உயரத்திலேயே இருந்தது. வழியிலுள்ள பாலங்களின் உயரத்தைக் கணக்கிட்டுப் பாதை தேர்ந்தெடுக்கப்பட்டது. மணிக்கு 25 மைல் வேகத்தை மிகாமல், பகலில் மட்டும் ஓடிய அத்தொடருந்து ஏப்ரல் 10 அன்று பாசடீனா நகரை அடைந்தது. வழிநெடுகிலும் மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். அங்கு மெருகிடப்பட்ட ஆடி 1947 நவம்பரில் சாலைவழியே மலைக்குக் கொண்டு செல்லப்பட்டது.

நிற்கவைப்பதன் காரணம்

உயர வரம்பு ஒருபுறம் இருக்க, கண்ணாடியைப் படுக்கவைக்காமைக்கு அதன் இயல்பே வலுவான காரணமாகும். கண்ணாடி அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் அமுக்க வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 1000 நியூட்டன் எனக் கொள்ளப்படுகின்றது. ஆனால் பதப்படுத்திய சாதாரண மிதவைக் கண்ணாடியின் வளைவு வலிமையாக ஐரோப்பியச் செந்தரங்கள் கொள்வது 45 நியூட்டன் மட்டுமே. படுக்கவைத்த தகடு தன் எடையாலேயே தொய்யும். தொய்யும்போது அதன் கீழ்ப்பரப்பு இழுபடும். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த இழுவை பன்மடங்காகின்றது.

இவ்வலுக்குறைவின் காரணத்தை ஏ. ஏ. கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921 இல் வெளியான தம் ஆய்வுரையில் விளக்கினார். கண்ணாடியின் பரப்பில் கண்ணுக்குப் புலப்படாத நுண்விரிசல்கள் உள்ளன. இழுவிசை அவ்விரிசல்களின் நுனியில் குவிந்து அவற்றைத் திறக்கின்றது. விரிசல் ஓர் எல்லையைத் தாண்டியதும் தகடு முழுவதும் ஒரு நொடிக்குள் உடைகின்றது. உலோகத்தைப் போல வளைந்து முன்னெச்சரிக்கை தரும் பழக்கம் கண்ணாடிக்கு இல்லை.

நிற்கவைத்த தகட்டில் எடை முழுவதும் கீழ்விளிம்பின்மீது அமுக்கமாகவே இறங்குகின்றது. இது கண்ணாடிக்கு உகந்த நிலை. எனினும் விளிம்பு கடினமான பொருள்மீது நேரடியாகப் படக்கூடாது. ஒரு சிறு கல்லோ இரும்புத் துகளோ விளிம்பின் கீழ் இருந்தால் அவ்விடத்தில் சில்லு பெயர்ந்து, அதுவே விரிசலின் தொடக்கமாக அமையும். ஆகவே சட்டத்தின் அடிப்பாகத்திலும் முதுகிலும் இரப்பர் பட்டைகள் பதிக்கப்படுகின்றன. அடிப்பாகமும் முதுகும் ஒன்றுக்கொன்று சரியாக 90 பாகையில் அமைவது இன்றியமையாதது. முதுகு 5 பாகை பின்சாய்ந்தால் அடியும் அதே அளவு சரிந்திருக்கும். அப்போதுதான் விளிம்பின் முழுத் தடிமனும் இரப்பர்மீது அமரும்.

தாங்கு சட்டங்கள்

கண்ணாடி வண்டியில் நேரடியாக ஏற்றப்படுவதில்லை. ஆலையிலேயே எஃகுச் சட்டங்களில் அடுக்கப்பட்டு, சட்டத்தோடு சேர்த்து ஏற்றப்படுகின்றது. இச்சட்டங்கள் இரு வகைப்படும். ஆங்கில "ஏ" எழுத்தைப் போன்ற சட்டத்தில் கண்ணாடிகள் இருபுறமும் சாய்த்து வைக்கப்படும். "எல்" வடிவச் சட்டத்தில் ஒரு பக்கம் மட்டுமே அடுக்க முடியும். "ஏ" சட்டம் சமநிலையில் சிறந்தது; ஆனால் இருபுறமும் ஒரே அளவில் ஏற்றி இறக்கப்பட வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் காலிசெய்துவிட்டு மறுபக்கம் செல்லும் பட்டறைப் பழக்கம் சட்டத்தையே கவிழ்த்துவிடக்கூடும்.

வண்டியின் அமைப்பு

மேலிருந்து பார்த்தால் உள்ளேற்று இழுவண்டி ஆங்கில "யு" எழுத்தின் வடிவில் உள்ளது. முன்புறம் இழுவையுந்தின்மீது அமரும் கழுத்துப் பகுதியும், அதிலிருந்து பின்னோக்கி நீளும் இரு பக்கச் சட்டகங்களும் இதன் உறுப்புகளாகும். பின்பக்கம் திறந்திருக்கும். சக்கரங்கள் பக்கச் சட்டகங்களின் வெளிப்புறத்தில், ஒவ்வொன்றும் தனித்தனி ஊசலாடு கையில் பொருத்தப்பட்டுள்ளன. 2.55 மீட்டர் அகலத்தில் இருபுறமும் சக்கரங்களுக்கும் சட்டகங்களுக்கும் போக, நடுவில் சுமைக்கெனக் கிடைப்பது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர்.

குறுக்கு அச்சு இல்லாத வண்டி உறுதியாக இருப்பது எப்படி என்னும் ஐயம் எழுவது இயல்பே. சாதாரண வண்டியில் இரு பக்கங்களையும் பிணைக்கும் வேலையை அச்சுகளும் குறுக்குச் சட்டங்களும் செய்கின்றன. இங்கு அவ்வேலை கழுத்துப் பகுதியிடமும் உயரமான பக்கச் சட்டகங்களிடமும் விடப்பட்டுள்ளது. பின்பக்கக் கதவும் வெறும் கதவன்று. மூடிப் பூட்டியபின் அது இரு பக்கங்களையும் விலகாமல் இணைத்துப் பிடிக்கின்றது.

சக்கரங்கள் காற்றுப்பைகளின்மீது (ஏர் சஸ்பென்ஷன்) தாங்கப்படுகின்றன. இவை இரு பணிகளைச் செய்கின்றன. பயணத்தின்போது சாலையின் அதிர்வைக் குறைக்கின்றன. ஏற்றும்போதும் இறக்கும்போதும் காற்றை வெளியேற்றியும் நிரப்பியும் வண்டியின் உடலைத் தாழ்த்தவும் உயர்த்தவும் உதவுகின்றன. அதாவது வண்டியின் அதிர்வுதாங்கியே அதன் பாரந்தூக்கியாகவும் உள்ளது. இவ்வமைப்பின் நேர்த்தி இங்குதான் உள்ளது.

ஏற்றுதலும் இறக்குதலும்

மிதவை ஆலையில் நாடாவின் முடிவில் தகடுகள் வெட்டப்பட்டவுடன், உறிஞ்சு கிண்ணங்கள் பொருத்திய இயந்திரக் கைகள் அவற்றை எடுத்துத் தாங்கு சட்டத்தில் அடுக்குகின்றன. நிரம்பிய சட்டம் கிடங்கில் நிறுத்தப்படும். ஓட்டுநர் பின்கதவைத் திறந்து, வண்டியின் உடலைத் தாழ்த்தி, சட்டத்தை நடுவில் வைத்துப் பின்னோக்கி ஓட்டுவார். இருபுறமும் சில சென்டிமீட்டர் இடைவெளியே இருக்கும். பக்கச் சட்டகங்களின் கீழ்விளிம்பில் உள்ள தாங்கிகள், தாங்கு சட்டத்தின் அடியில் உள்ள விளிம்புகளின் கீழ் வந்தமைந்ததும் காற்றுப்பைகள் நிரப்பப்படுகின்றன. வண்டி எழும், அதனுடன் சட்டமும் தரையைவிட்டு எழும். பின்னர் பக்கங்களிலிருந்து அழுத்து கைகள் நீண்டு கண்ணாடி அடுக்கை முதுகோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். கதவு மூடப்படும்.

இவ்வளவும் ஒருவரால், பாரந்தூக்கியோ கவைத்தூக்கியோ (ஃபோர்க்லிஃப்ட்) இன்றி, சில மணித்துளிகளில் முடிகின்றது. எவரும் வண்டிமீது ஏறவோ கண்ணாடியைத் தொடவோ தேவையில்லை. சென்றடையும் இடத்தில் இதே செயல்கள் தலைகீழாக நிகழும். நிரம்பிய சட்டத்தை விட்டுவிட்டு, முன்னர் விட்டுச்சென்ற காலிச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வண்டி திரும்பும்.

இம்முறைக்கு ஓர் அடிப்படைத் தேவை உண்டு: சமமான, கடினமான தரை. கண்ணாடி பெறும் பட்டறையின் முற்றம் மண்தரையாகவோ சரிவாகவோ இருந்தால் சட்டத்தை நேராக இறக்க முடியாது. வேகத்தடை, செங்குத்தான நுழைவுச் சரிவு, மேடான தொடருந்துக் கடவை ஆகியன தரையை ஒட்டிச் செல்லும் இவ்வண்டிக்குப் பகை. கண்ணாடி வாங்க விரும்பும் ஆலை முதலில் தன் வாசலைச் சீராக்க வேண்டியுள்ளது.

இன்னொரு குறை, திரும்பும் பயணமாகும். தளமே இல்லாததால் இதில் வேறு சரக்கை ஏற்ற இயலாது. நெல் ஏற்றிச்சென்ற லாரி சிமெந்து ஏற்றித் திரும்புவதுபோல இது திரும்ப முடியாது. காலிச் சட்டத்துடன் வரும் தொலைவுக்கான செலவும் கண்ணாடியின் விலைமீதே விழுகின்றது. மலிவும் கனமும் ஆன மிதவைக் கண்ணாடி, முழுத்தகடாகச் சாலைவழியே மிக நெடுந்தொலைவு அனுப்பப்படாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆலையோ காத்திருப்பதில்லை. மிதவை உலை ஒருமுறை மூட்டப்பட்டால் பத்தாண்டுகளுக்கும் மேலாக இரவு பகலாக அணையாமல் எரியும். நாளொன்றுக்கு 600 டன் என்பது இத்தகைய ஆலைக்கு வழக்கமான அளவு. ஒரு வண்டி 20 டன் கண்ணாடியை எடுக்கும் எனக் கொண்டால், 600 டன்னுக்கு 30 நடைகள் வேண்டும். வண்டிகள் வராவிடில் கிடங்கு நிரம்பும், நாடா நிற்காது.

வளைவும் சாய்வும்

4 மில்லிமீட்டர் முழுத்தகடுகள் 20 டன் ஏற்றப்பட்டால் அவற்றின் எண்ணிக்கை ஏறத்தாழ 104. மொத்தப் பரப்பு 2000 சதுர மீட்டர். ஆனால் அந்த அடுக்கின் தடிமன் 42 சென்டிமீட்டர் மட்டுமே. 20 டன் எடை ஓர் ஒல்லியான சுவராக, 3 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் நிற்கின்றது. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் அமைகின்றது. தரையை ஒட்டிச் செல்லும் வண்டியாகத் தோன்றினாலும் எடை மேலேதான் உள்ளது என்பதை ஓட்டுநர்கள் மறக்கலாகாது.

சாய்வின் கணக்கும் கருதத்தக்கது. 5 பாகை சாய்ந்து நிற்கும் தகட்டை அதன் எடையே முதுகோடு சேர்த்து வைக்கின்றது. ஆனால் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தின் 0.087 பங்கைத் தாண்டினால் (5 பாகையின் தான்சன் மதிப்பு இதுவே) வெளிப்புறத் தகடு முதுகைவிட்டு விலகி விழ முற்படும். 30 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இம்முடுக்கம் மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்திலேயே எட்டப்படுகின்றது. மிதிவண்டியின் வேகம் இது. எனவே சாய்வு என்பது நின்றிருக்கும் கண்ணாடிக்கு மட்டுமே காவல். ஓடும் வண்டியில் அழுத்து கைகளும் பட்டைகளுமே கண்ணாடியைப் பிடிக்கின்றன. சரக்கைப் பிணைப்பது பற்றிய ஐரோப்பியச் செந்தரம், முன்னோக்கிய திசையில் புவியீர்ப்பின் 0.8 பங்கையும் பக்கவாட்டில் 0.5 பங்கையும் தாங்குமாறு கணக்கிடச் சொல்கின்றது. பக்கவாட்டு அளவு, சாய்வு தாமாகத் தரும் பாதுகாப்பைப்போல ஏறத்தாழ 6 மடங்கு ஆகும்.

தரைச் சரிவுக்கும் இக்கணக்கு பொருந்தும். முற்றம் 5 பாகை எதிர்ப்புறம் சரிந்திருந்தால் தகடு செங்குத்தாகிவிடுகின்றது. அதன்பின் ஒரு கை பட்டாலும் போதும்.

ஈரம்

தகடுகளுக்கிடையே புகும் நீர், உடைவைப் போலவே இழப்பை உண்டாக்கும். இது பலர் அறியாதது. திறந்த பரப்பில் விழும் மழை வழிந்தோடிவிடும். இறுக்கமாக அடுக்கிய இரு தகடுகளுக்கு இடையில் சிக்கிய நீர்ப்படலம் வெளியேறாது. அது கண்ணாடியிலிருந்து சோடியத்தைக் கரைத்தெடுத்துக் காரத்தன்மை அடைகின்றது. காரம் மிகுந்தபின் அதே நீர் கண்ணாடியின் சிலிக்கா வலையை அரிக்கத் தொடங்குகின்றது. முதலில் வானவில் நிறத்தில் மங்கலான கறை தோன்றும். பின்னர் எவ்வளவு துடைத்தாலும் போகாத வெண்புகை படியும். குளிர்ந்த வண்டியிலிருந்து வெப்பமான ஈரக்காற்றுள்ள கூடத்திற்குக் கண்ணாடி வரும்போது உண்டாகும் பனிப்படிவும் இதனைச் செய்ய வல்லது.

இதனைத் தடுக்கத் தகடுகளுக்கிடையே முன்பு தாள் இடப்பட்டது. பின்னர் நுண்ணிய அக்ரிலிக் மணிகளுடன் அடிப்பிக் அமிலம் கலந்த பொடி தூவும் முறை பரவியது. மணிகள் தகடுகளை ஒன்றோடொன்று உராயாமல் பிரித்து வைக்கின்றன. அமிலம் தோன்றும் காரத்தை நடுநிலையாக்குகின்றது. உள்ளேற்று இழுவண்டியின் மூடிய பக்கங்களும் கூரையும் முதன்மையாக இந்த ஈரத்தைக் கருதியே அமைந்தவை.

விபத்துகள்

கண்ணாடிப் போக்குவரத்தில் உயிரிழப்புகள் சாலையைவிட ஏற்றும் இறக்கும் இடங்களிலேயே பெரிதும் அஞ்சப்படுகின்றன. உடைந்த துண்டு வெட்டுவதைக் காட்டிலும் உடையாத அடுக்கு சாய்ந்து நசுக்குவதே கொடியது. 6 மில்லிமீட்டர் முழுத்தகடுகள் 10 சேர்ந்த அடுக்கின் தடிமன் 6 சென்டிமீட்டர். கதவுப் பலகை ஒன்றைவிடச் சற்றே தடித்த அந்த அடுக்கின் எடை 2.9 டன். கண்ணாடி ஒளியூடுருவும் பொருளாதலால் அதன் கனம் பார்வைக்குத் தெரிவதில்லை. ஓர் அடுக்கு மெல்லச் சாயத் தொடங்கும்போது அருகில் நிற்பவர் தம்மையறியாமல் கைகளை நீட்டித் தடுக்க முனைவர். தொடக்கத்தில் தேவைப்படும் விசை சிறிதே என்பதால் அது தடுக்கக்கூடியதாகவே தோன்றும். ஆனால் சாய்வு கூடக்கூட எடை முழுவதும் அவர்மீது வந்துவிடும். விழும் கண்ணாடியைப் பிடிக்காதே, விலகி ஓடு என்பது இத்தொழிலில் புதியவர்களுக்கு முதலில் கற்பிக்கப்படும் விதி. கண்ணாடி நிற்கும் சட்டத்திற்கும் சுவருக்கும் இடையே, அல்லது இரு அடுக்குகளுக்கு இடையே நுழையாதிருத்தல் அடுத்த விதி.

கப்பல் கொள்கலன்களைத் (கன்டெய்னர்) திறந்து கண்ணாடியை இறக்குவது இவ்வகையில் மிகவும் ஆபத்தான பணியாகும். நெடும்பயணத்தில் பெட்டிகள் எப்பக்கம் நகர்ந்துள்ளன, கட்டுகள் தளர்ந்துள்ளனவா என்பது கதவைத் திறக்கும்வரை தெரியாது. உள்ளே ஒதுங்க இடமும் இல்லை. கட்டைப் பிரிப்பதற்காகக் கொள்கலனுக்குள் நுழைந்தவர்மீது பெட்டி சாய்ந்தால் அவர் விலகுவதற்கு வழியில்லை. உள்ளேற்று இழுவண்டியில் ஓட்டுநர் சுமை இருக்கும் வெளிக்குள் நுழையவே வேண்டாதபடி அமைத்திருப்பது, நேரச் சேமிப்பைவிடவும் பெரிய நன்மை எனலாம்.

வண்டி வகுக்கும் அளவுகள்

உள்ளேற்று இழுவண்டி செல்லாத இடங்களுக்குக் கண்ணாடி சிறிய அளவுகளில் செல்கின்றது. அந்த அளவுகளும் தற்செயலானவை அல்ல. கடல்கடந்து அனுப்பப்படும் தகடுகளில் 3300 × 2140, 3660 × 2140 மில்லிமீட்டர் என்பன மிகவும் வழக்கமானவை. சாதாரணக் கொள்கலனின் கதவு உயரம் ஏறத்தாழ 2.28 மீட்டர், 2140 மில்லிமீட்டர் தகட்டை மரப்பெட்டியில் வைத்து அக்கதவின் வழியே நுழைக்கலாம். 3660 × 2140 என்பது ஏறத்தாழ 12 × 7 அடி ஆகும். கடைகளில் காணும் கண்ணாடியின் நீள அகலத்தை உலை பாதியும் கொள்கலனின் கதவு பாதியும் முடிவு செய்துள்ளன.

ஐரோப்பாவிலும் 3210 மில்லிமீட்டர் நாடாவை 2250 அல்லது 2550 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வெட்டிப் பிளவுத்தகடுகளாக விற்பதுண்டு. இவற்றை நீளவாக்கில் நிறுத்தினால் உயரம் குறைவதால் சாதாரணச் சரக்குந்துகளிலும் செல்லும். ஆனால் சன்னல் ஆலைகள் முழுத்தகட்டையே விரும்புகின்றன. பெரிய தகட்டில் பல அளவுச் சன்னல்களைப் பொருத்தமாக அடுக்கி வெட்டும்போது எஞ்சும் துண்டுகள் குறைவு.

தமிழ்நாட்டில் செயின்ட்-கோபேன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை திருப்பெரும்புதூரில் 2000 ஆம் ஆண்டு உற்பத்தியைத் தொடங்கியது. நகரங்களின் கண்ணாடிக் கடைகளிலிருந்து வீடுகளுக்கு வெட்டிய கண்ணாடிகள் செல்லும் கடைசிக் கட்டத்தில், மரத்தாலான "ஏ" சட்டம் பொருத்திய சிறு சரக்குந்துகளும், சென்னையில் மீன்பாடி வண்டி எனப்படும் மூன்று சக்கர வண்டிகளும் காணப்படுகின்றன. கண்ணாடியைச் சாய்த்து நிறுத்துதல், விளிம்பின்கீழ் மென்மையான பொருள் இடுதல், இருபுறமும் சமமாக ஏற்றுதல் ஆகிய விதிகள் அவற்றுக்கும் பொதுவானவையே.

மிகநீளத் தகடுகள்

கட்டடக் கலைஞர்கள் இணைப்புகளற்ற கண்ணாடிச் சுவர்களை நாடத் தொடங்கியதிலிருந்து 6 மீட்டர் என்னும் நீளம் போதாததாயிற்று. நியூயார்க் நகரின் ஐந்தாம் நிழற்சாலையில் 2006 இல் திறக்கப்பட்ட ஆப்பிள் கடையின் கண்ணாடிக் கனசதுரம் 90 தகடுகளால் ஆனது. 2011 இல் அது மாற்றியமைக்கப்பட்டபோது 15 தகடுகளே பயன்பட்டன. ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள ஒவ்வொரு பக்கமும் மூன்று தகடுகளாக அமைந்தது. செருமனியின் கெர்சுதோஃபென் நகரைச் சேர்ந்த செடாக் நிறுவனம் 20 மீட்டர் நீளம்வரை தகடுகளைச் செய்கின்றது.

நாடா முடிவின்றி ஓடுவதால் நீளத்தைக் கூட்டுவது ஆலைக்குப் பெரிய தடையன்று. 9 மீட்டர் தகடுகளை ஏற்றக்கூடிய நீண்ட உள்ளேற்று இழுவண்டிகள் உள்ளன. அதற்கும் மேற்பட்டவை சாதாரணச் சாலை வரம்புகளுக்குள் அடங்குவதில்லை. தனி அனுமதி பெற்று, குறித்த பாதையில், குறித்த நேரத்தில் கொண்டு செல்லப்படுகின்றன. அகலம் மட்டும் பெரிதும் மாறவில்லை. 20 மீட்டர் நீளத்தை எட்டிய செடாக் தகடுகளும் அகலத்தில் 3.6 மீட்டர் அளவிலேயே நிற்கின்றன.